ஐந்தரை மணிக்கு எழுப்பப்பட்ட ஊர்

ஈச்சங்காட்டுப்பட்டி ஆண்கள் சோம்பேறிகள் என்ற உண்மையை அரசாங்கம் ஒரு நாள் காலை பத்தரை மணிக்குக் கண்டுபிடித்தது.

கண்டுபிடித்தவர் ஆத்மநாதன் என்கிற தனி அதிகாரி. புதுக்கோட்டை சமஸ்தானம் போய், திருச்சி ஜில்லாவோடு ஒட்டிக்கொண்டு பத்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ராஜா காலத்தில் ஊருக்கு வருகிற அதிகாரி வரி கேட்பார், வாங்குவார், போய்விடுவார். அதோடு சரி. சுயராஜ்யம் வந்த பிறகு வந்தவர்களுக்கு அது போதவில்லை. ஜனங்களைத் திருத்தாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்குவதில்லை. ஆத்மநாதனின் ஜீப் அரிமளத்துக்குத் தெற்கே வேறெங்கோ போகிற வழியில் ஈச்சங்காட்டுப்பட்டிக் கண்மாய்க்கரையில் சூடேறி நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் மொள்ளப் போனான். ஐயா கீழே இறங்கிக் காலை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே புளியமரத்து நிழலில் ஊர் ஆம்பிளைகள் துண்டை விரித்து வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள்.

அவர்களில் ஒருவன் நல்லதம்பி. கோழி கூவுமுன்னே ஏர் பூட்டி, வெயில் ஏறியதும் அவிழ்த்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக் கட்டிவிட்டு, ஒரு செம்பு நீராகாரத்தைக் குடித்து அப்போதுதான் முதுகைச் சாய்த்திருந்தான். உழைத்த உடம்பு, சாய்ந்ததும் தூங்கிவிட்டது. ஐயா குடை நுனியால் அவன் தோளைத் தட்டி, “மணி என்ன தெரியுமா?” என்று கேட்டார்.

நல்லதம்பி கண்ணைத் திறக்கவில்லை. “வெயில் ஏறிப்போச்சுல்ல. இனிமே வேலை சாயங்காலந்தாங்க” என்றான்.

அந்த ஒரு வாக்கியம் சென்னைப்பட்டணம் வரைக்கும் போயிற்று. போன வேகத்தில் ‘வைகறை எழுச்சித் திட்டம்’ என்று திரும்பி வந்தது. மாதிரிக் கிராமமாக ஈச்சங்காட்டுப்பட்டி தேர்ந்தெடுக்கப்பட்டது. கண்மாய்க்கு அந்தப்பக்கம் இருக்கிற மேலக்கொல்லை தப்பித்துக்கொண்டது. அந்த ஊர் வழியாகப் போகையில் ஜீப் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

திட்டத்தின் தொடக்க விழா காலை ஆறு மணிக்கு என்று தமுக்கு அடித்தார்கள். ஜனங்கள் ஐந்து மணிக்கே பஞ்சாயத்துக் கட்டிடத்துக்கு முன்னால் வந்து குந்திவிட்டார்கள். ஜீப் வந்தபோது மணி பதினொன்று. அன்றைக்கு ஊரில் ஓர் ஏர்கூட வயலில் இறங்கவில்லை. விடியற்காலையின் அருமையைப் பற்றிய கூட்டத்துக்காக ஒரு விடியற்காலை போய்ச் சேர்ந்தது.

ஐயா மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் பேசினார்.

“பெரியோர்களே, என்னையே உதாரணமாகச் சொல்லுகிறேன். நான் தினமும் நாலு மணிக்கே விழித்துவிடுபவன். விழித்ததும் அவசரப்பட்டு எழுந்துவிட மாட்டேன். பொறுப்புள்ள அதிகாரி யோசிக்க வேண்டும். படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பேன். ஏழு மணிக்கு வீட்டில் காப்பியைக் கொண்டுவந்து என் யோசனையைக் கலைப்பார்கள். எட்டு மணிக்கு வெந்நீர் தயாராக இருக்கும். அது எப்படித் தயாராகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒழுங்கு என்றால் அதுதான். ஒன்பதுக்குச் சவரம் செய்ய ஆள் வருவார். பத்தரைக்கு நான் தயார். ஒரு தனி மனிதன் ஒரே காலையில் இத்தனையையும் சாதிக்கிறான் என்றால், நீங்கள் ஏன் சாதிக்க முடியாது? இனி ஒவ்வொரு குடும்பத் தலைவரும் காலை ஐந்தரை மணிக்கு எழுப்பப்படுவார். தலைவர் எழுந்தால் குடும்பம் தானே எழுந்துவிடும்.”

மைக்கேல்சாமி கைதட்டினான். தட்ட வேண்டியது அவன் உத்தியோகம். ஊருக்குப் புதிதாக வந்திருக்கிற கிராம சேவக் அவன். ஆவூர்ப் பக்கத்துப் பையன், நல்லவன், போன வைகாசியில்தான் கல்யாணமானவன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அரசாங்கம் அவனுக்கு ஒரு சைக்கிளும் ஒரு பித்தளை மணியும் கொடுத்திருந்தது. சைக்கிளுக்கு மணி இல்லாததால் அந்தப் பித்தளை மணியையே ஒரு கையால் ஆட்டிக்கொண்டு வருவான்.

மறுநாள் ஐந்தரைக்கு முதல் வீடாக நல்லதம்பி வீட்டு வாசலில் வந்து இறங்கினான். வாசல் தெளித்துக் கோலம் போட்டாகியிருந்தது. பசு கறந்தாகியிருந்தது. நல்லதம்பியின் பெண்டாட்டி செவந்தி தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாம் நடை வந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, வீட்டுல யாரும் எந்திரிக்கலையா?” என்று கேட்டான் மைக்கேல்சாமி.

“நான் நிக்கிறேன்ல தம்பி.”

“நீங்க கணக்குல இல்லக்கா. குடும்பத் தலைவரை எழுப்பணும்.”

“அவுக அப்பவே ஏரப் பூட்டிக்கிட்டுப் போய்ட்டாகளே. இப்ப நாலு சால் ஓட்டியிருப்பாக.”

மைக்கேல்சாமிக்கு முகம் விழுந்துவிட்டது. காலியான கட்டிலைப் பார்த்தான், மணியைப் பார்த்தான். கடமை தவறக்கூடாதென்று கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று மணியை ஆட்டினான். கட்டிலுக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து போயிற்று.

ஊர் முழுக்க அன்றைக்கு இதே கதை. எழுப்பப் போன இடத்திலெல்லாம் ஆள் இல்லை. திட்டம் முதல் நாளே படுத்துவிட்டதாகச் செய்தி போயிற்று. பதில் கையோடு வந்தது. நல்லதம்பியை ஐயாவின் முகாமுக்கு அழைத்து வரச் சொல்லி உத்தரவு.

“நேற்று ஐந்தரைக்கு எங்கே இருந்தாய்?” என்று கேட்டார் ஆத்மநாதன்.

“வயல்லங்க.”

“என்ன செய்தாய்?”

“உழுதுக்கிட்டு இருந்தேங்க.”

“யாரைக் கேட்டு எழுந்தாய்?”

நல்லதம்பி திகைத்துப் போனான். பிறந்த நாளிலிருந்து அவன் யாரையும் கேட்டு எழுந்ததில்லை. “தானா முழிப்பு வந்துருச்சுங்க” என்றான், செய்த குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

“தானாக எழுந்தால் அதில் திட்டம் எங்கே ஐயா இருக்கிறது? உன்னை எழுப்புவதற்கென்று அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஓர் ஆளைப் போட்டிருக்கிறது. சைக்கிள் கொடுத்திருக்கிறது. மணி கொடுத்திருக்கிறது. நீ பாட்டுக்கு முந்தியே எழுந்துவிட்டால் இதெல்லாம் யாருக்கு? நீ ஒருவன் எழுந்ததில் ஓர் அரசாங்க ஊழியனின் காலை வேளை வீணாகிவிட்டது. உன்னைப் போல நாலு பேர் சேர்ந்தால் என் இலாகாவை மூடவேண்டியதுதான்.”

“இனிமே செய்யலங்க” என்றான் நல்லதம்பி. வேறென்ன சொல்லுவான், பாவம். எழுப்பலுக்கு அகப்படாதவனுக்கு அமோனியா உர மூட்டை கிடையாது என்று ஐயா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அதற்கப்புறம் ஊர் ஒழுங்காக எழுப்பப்பட்டது. எழுப்பியதோடு விட்டார்களா? எழுந்தவனை அப்படியே வயலுக்கு அனுப்பிவிட்டால் காலை வேளை வீணாகப் போய்விடுமாம். எல்லோரும் பஞ்சாயத்துக் கட்டிடத்துக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். வேப்பங்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஆளுக்கொரு சிட்டிகை அரசாங்கப் பல்பொடி கொடுத்தார்கள். பிறகு டிரில். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போனவர்கள், உடம்பு உறுதிப்பட வேண்டுமென்று கையைக் காற்றில் வீசினார்கள். பிறகு உறுதிமொழி. எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொருவனும் முன்னால் வந்து அன்றைய இலட்சியத்தை உரக்கச் சொல்லவேண்டும்.

“வயலுக்குப் போகணுங்க” என்றான் நல்லதம்பி.

“இது ஓர் இலட்சியமா?” என்று வருத்தப்பட்டார் ஆத்மநாதன். அன்றைக்கு அவர் ஒன்பது மணிக்கு வந்து வைகறை நிகழ்ச்சியைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். “பெரிதாக எண்ணிப் பழகு. அடுத்து யார்?”

கண்மாய் மடையைத் திறந்து மூடுகிற ஆண்டிச்சாமி முன்னால் வந்தான். குசும்பு பிடித்த ஆள். “நான் இன்னைக்கு கவர்னரா ஆகப் போறேங்க” என்றான் பணிவாக.

ஐயாவே கைதட்டினார். தட்டி முடித்துவிட்டு, இந்த மாதிரி நாலு பேர் இருந்தால் நாடு எங்கேயோ போய்விடும் என்றார். அன்றிலிருந்து ஆண்டிச்சாமிக்கு ஊரில் கவர்னர் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவனும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான்.

இத்தனையும் முடிந்து கலைகிறபோது வெயில் சுள்ளென்று ஏறியிருக்கும். நுகத்தடியில் பூட்டுவார்களா மாட்டார்களா என்று மாடுகள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருக்கும். ஊர்க்காரர்கள் யோசித்தார்கள். யோசித்து, அரசாங்கத்தையும் பகைத்துக்கொள்ளாமல் வயலையும் கைவிடாமல் ஒரு வழி கண்டார்கள். எப்போதும் போலக் கோழி கூவுமுன் எழுந்து போய் உழுவது. ஐந்தரைக்குக் கொஞ்சம் முன்னால் ஓடிவந்து பாயில் விழுந்து போர்த்திக்கொள்வது. மைக்கேல்சாமி வந்து மணியடித்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுவது. ஒரே காலையில் இரண்டு தரம் எழுந்த ஊர் அந்த ஜில்லாவிலேயே அது ஒன்றுதான். மைக்கேல்சாமிக்குத் தெரியாமல் இல்லை. வியர்த்து நனைந்த ஆளைத் தட்டி எழுப்புகிறவனுக்குத் தெரியாதா? அவன் பிழைப்பும் இதில் இருந்ததால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு எழுப்பினான்.

ஐயா ஒரு நாள் டிரில்லின்போது கால்களைப் பார்த்துவிட்டார்.

“தூங்கி எழுந்தவன் காலில் சேறு எப்படி வந்தது?”

அவரவர் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்தார்கள். கவர்னர்தான் கையைக் கட்டிக்கொண்டு, “கனாவுல வயலுக்குப் போயிருந்தேங்க” என்றான்.

அன்றைக்கே புது விதி வந்தது. மணி அடிக்கும்வரை எந்தக் குடும்பத் தலைவனும் எழக்கூடாது. ஈச்சங்காட்டுப்பட்டி ஆண்களின் உறக்கம் இனி அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருக்கும். சேற்றுக்கால் அகப்பட்டால் அந்த வீட்டுக்கு மட்டுமல்ல, ஊருக்கே உரம் நிறுத்தப்படும்.

இப்படியாக மார்கழி வந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை பாதியில் கையை விரித்துவிட்டது. கண்மாய் கால்வாசிதான் பெருகியிருந்தது. நல்லதம்பியின் நெல் கதிர் தள்ளிப் பால் பிடிக்கிற நிலையில் நின்றது. அப்போது ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல். பாயாவிட்டால் அத்தனையும் பதர், மாட்டுக்கு வைக்கோல் மிஞ்சும். வருஷத்துச் சோறு அந்த ஒரு தண்ணீரில் இருந்தது.

தண்ணீர் முறைவைத்துத்தான் கிடைக்கும். கண்மாய் இரண்டு ஊருக்கும் பொது. இன்றைக்கு ஈச்சங்காட்டுப்பட்டியில் ஒரு வீடு, நாளைக்கு மேலக்கொல்லையில் ஒரு வீடு என்று போகும். முறைக்கார வீட்டின் மண்வெட்டி, சூரியன் முகம் காட்டுமுன் மடைக்கு மேலே கரையில் ஊன்றி நிற்கவேண்டும். நிற்காவிட்டால் முறை அடுத்த ஊருக்கு. அழுதாலும் கிடையாது, காலில் விழுந்தாலும் கிடையாது. பெண்பிள்ளைகள் மடைக்கரையில் கால் வைப்பதில்லை என்றும் ஒரு வழக்கம் இருந்தது. யார் சொல்லி வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

நல்லதம்பியின் முறை எந்த நாளில் வந்ததோ, அதே நாளை ஆத்மநாதன் திட்டத்தின் வெற்றி விழாவுக்கு வைத்துவிட்டார். முதல் நாள் சாயங்காலமே வந்து ஊரில் தங்கி, தம் கையாலேயே மணி அடித்து ஊரை எழுப்புவாராம். அதைப் படம் எடுக்கப் பட்டணத்திலிருந்து ஆள் வருகிறார். வீடு வீடாகப் போய்ப் படம் எடுப்பது சிரமம் என்பதால் மீசை முளைத்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் பஞ்சாயத்துக் கட்டிடத்து முன்னால் வெட்டவெளியில் பாய் விரித்து வரிசையாகத் தூங்கவேண்டும் என்று ஏற்பாடு.

நல்லதம்பி மைக்கேல்சாமியிடம் போய் நின்றான். “தம்பி, எனக்கு நாளைக்கு முறைத்தண்ணி. என்னைய மட்டும் விட்ருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

மைக்கேல்சாமி ஐயாவிடம் போய்க் கேட்டான்.

“ஒரு பாய் காலியாக இருந்தால் படத்தில் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும்” என்றார் ஐயா. “சூரியன் எப்போது வருகிறது? ஆறரைக்கா? நான் மணி அடிப்பது ஐந்தரைக்கு. எழுந்ததும் டிரில்லுக்கு நிற்காமல் ஓடிப்போகச் சொல். தாராளமாக ஒரு மணி நேரம் இருக்கிறது. திட்டத்தினால் விவசாயிக்கு இடைஞ்சல் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.”

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. நல்லதம்பி மண்வெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தான். அதையும் ஐயா பார்த்துவிட்டுப் படத்துக்கு அழகில்லை என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி மைக்கேல்சாமியிடம் சொன்னார்: “என்னை யாரும் எழுப்பக் கூடாது. எழுப்பப்பட வேண்டியவர்கள் ஜனங்கள்.” சொல்லிவிட்டுக் கட்டிட வராந்தாவில் கொசுவலைக்குள் நுழைந்துகொண்டார். மணியும் வலைக்குள் போயிற்று. அலாரக் கடிகாரம் மட்டும் வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தது.

கோழி கூவுமுன் நல்லதம்பிக்கு விழிப்பு வந்துவிட்டது. வராமல் இருக்குமா? அந்த வரிசையில் தூங்குகிறவன் ஒருவனும் இல்லை. மார்கழிப் பனியில் நனைந்துகொண்டு அத்தனை பேரும் கண்ணை மூடி விழித்துக்கிடந்தார்கள். கட்டிடத்துக்கு எதிரே கூப்பிடு தூரத்தில் கண்மாய்க்கரை. நல்லதம்பி ஒரு கண்ணை மட்டும் கீற்றாகத் திறந்து கரையைப் பார்த்தபடி கிடந்தான்.

கடிகாரம் அலறியது. நல்லதம்பி போர்வையைக் காலால் தள்ளி ஓடத் தயாரானான். கொசுவலைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. முக்காலியைத் தடவிற்று. கடிகாரத்தின் தலையில் ஒரு தட்டு தட்டி அதன் வாயை மூடிவிட்டு, வந்த வழியே உள்ளே போய்விட்டது. பிறகு குறட்டை கேட்டது.

“சேவக்குத் தம்பி, ஐயாவை எழுப்புங்க” என்றான் நல்லதம்பி மெல்ல.

“எழுப்பக் கூடாதுன்னு உத்தரவுண்ணே. ஐயா யோசிச்சுக்கிட்டு இருக்காரு. கண்ணை மூடுங்க, படக்காரர் பார்த்துருவாரு.”

கிழக்கே வெளுத்தது. கரைமேல் ஓர் உருவம் மண்வெட்டியோடு ஏறி வந்து குந்தியது. மேலக்கொல்லைத் தங்கமுத்து. அடுத்த முறை அவனுக்கு. சூரியன் முகம் காட்டியதும் மண்வெட்டியை ஊன்றத் தயாராக அவன் பீடி பற்றவைத்துக்கொண்டான். வரிசையாகக் கிடக்கிற ஈச்சங்காட்டுப்பட்டியைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“தூங்குங்க மாப்ளே, நல்லாத் தூங்குங்க” என்று கரையிலிருந்து குரல் கொடுத்தான். “தண்ணியை நான் பாத்துக்கிறேன்.”

கிழக்கு சிவந்தது. நல்லதம்பி எழுவதா கிடப்பதா என்று யோசித்தான். எழுந்து ஓடினால் உரம் போய்விடும், தனக்கு மட்டுமல்ல, ஊருக்கே. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவன் முகத்தில் அப்புறம் விழிக்க முடியுமா? கிடந்தால் நெல் போய்விடும். எந்தப் பாவமும் செய்யாதவன், பட்டப்பகல் மாதிரி விழித்துக்கொண்டு, தன் வயல் காய்வதைப் படுத்த படுக்கையில் பார்க்கவேண்டியிருக்கிறதே என்று அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தூங்குகிறவன் அழக்கூடாதென்று அதையும் அடக்கிக்கொண்டான்.

அப்போதுதான் செவந்தியைப் பார்த்தான்.

பாய் வரிசைக்கு ஓரமாக அவள் போய்க்கொண்டிருந்தாள். தோளில் மண்வெட்டி. சேலையை வரிந்து செருகியிருந்தாள். மைக்கேல்சாமி பார்த்தான். அவளைத் தடுக்க விதியில் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தான். ஒன்றும் இல்லை. அவள்தான் கணக்கிலேயே இல்லையே. ஒதுங்கி வழிவிட்டான்.

அவள் கரையேறி, மடைக்கு நேர்மேலே மண்வெட்டியை ஒரே போடாகப் போட்டு ஊன்றினாள்.

தங்கமுத்து பீடியை வாயிலிருந்து எடுத்தான். “ஏ ஆத்தா, என்ன காரியம் பண்ற? பொம்பளை வந்து மடைக்கரையில நிக்கிறதா?”

“முறையில நிக்க வேண்டியது ஆளா, மம்பட்டியாண்ணே?”

“மம்பட்டிதான். அதுக்காக...”

“இது எங்க வீட்டு மம்பட்டிதானே? காம்புல ஒங்க மாப்ளே போட்ட வெட்டு இருக்கு, வந்து பாத்துக்கங்க. நான் ஒங்களுக்குக் கண்ணுல பட்டா படாத மாதிரி இருந்துக்கங்க. சர்க்காரே அப்படித்தான் இருக்கு.”

தங்கமுத்து குனிந்து காம்பில் வெட்டைத் தேடினான். தேடிக்கொண்டிருக்கையிலேயே சூரியன் முகம் காட்டிவிட்டது.

முறை தப்பவில்லை. மடை திறக்கவேண்டுமே. திறக்கிறவன் மூன்றாவது பாயில் கிடந்தான்.

“கவர்னரே,” என்று செவந்தி கரையிலிருந்தே கூப்பிட்டாள், “வந்து மடையைத் தொறங்க.”

“நான் தூங்குறேன்த்தா” என்றான் ஆண்டிச்சாமி கண்ணை மூடியபடியே.

“அப்ப நானே தொறக்கவா?”

ஆண்டிச்சாமி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. “தொறக்கிறவுக தண்ணிக்குள்ள இறங்கணும். இடுப்பளவுதான் இருக்கு. அடைப்புக் கட்டையை நேரா இழுத்தா வராது, வலதுகைப் பக்கம் ஒரு திருகு திருகி, மேல தூக்கணும். நான் ஒண்ணும் சொல்லலை.”

படக்காரர் திரும்பிப் பார்த்தார். “தூக்கத்துல பேசுற பழக்கம் உள்ளவருங்க” என்றான் மைக்கேல்சாமி. “அதுக்கு விதியில தடையில்ல.” திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவன் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

செவந்தி தண்ணீரில் இறங்கினாள். கட்டை ஒரு தரம் பிணங்கியது, இரண்டு தரம் பிணங்கியது. பிறகு மடைக்குள்ளிருந்து தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது. நல்லதம்பி பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். ஆனால் படுத்துக்கொண்டு அதைக் கேட்டது அன்றைக்குத்தான். அடக்கி வைத்திருந்த கண்ணீர் இப்போது காதோரம் வழிந்தது. துடைக்காமல் விட்டான். பனிதான் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

வெயில் முகத்தில் அடித்தபோது ஆத்மநாதன் எழுந்தார். எட்டேகால். வலையை விலக்கிக்கொண்டு வந்து, கொட்டாவியை முடித்து, மணியை எடுத்து ஓங்கி அடித்தார். வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் எழுந்து, சொல்லிக்கொடுத்தபடி சோம்பல் முறித்தது. இவ்வளவு நேரம் அசையாமல் கிடந்ததில் உண்மையாகவே எல்லோருக்கும் முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. படக்காரருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஐந்தரை மணி இருட்டில் என்ன படம் எடுப்பது என்று இரவெல்லாம் கவலைப்பட்டவர் அவர்.

“ஐயா, மணி எட்டேகால்ங்க” என்றான் மைக்கேல்சாமி தயங்கி.

ஐயா கடிகாரத்தைக் கையில் எடுத்து ஒரு பார்வை பார்த்தார். ஊழியன் தப்பு செய்தால் பார்க்கிற பார்வை. “மிகவும் வேகமாக ஓடுகிறது” என்றார். பின்பக்கத்துத் திருகைத் திருப்பி முள்ளை ஐந்தரையில் கொண்டுவந்து வைத்தார். “நான் மணி அடிப்பதுதான் ஐந்தரை. திட்டத்தில் தெளிவாக இருக்கிறது.”

பிறகு வயல்களைப் பார்வையிடப் போனார். நல்லதம்பியின் வயலில் தண்ணீர் கெத்துக்கெத்தென்று நின்றது. பால்கதிர் தலையை ஆட்டிற்று. ஐயா வரப்பில் நின்றபடி படக்காரரைக் கூப்பிட்டார்.

“பாருங்கள். இப்போதுதான் எழுந்தான். எழுந்த கணத்திலேயே வயல் நிறையத் தண்ணீர். வைகறையில் எழுகிறவனுக்கு இயற்கையே வேலை செய்து கொடுக்கிறது. இதைத்தான் நான் தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகிறேன்.”

வாய்க்கால் ஓரத்தில் முழங்கால் சேற்றோடு செவந்தி மடை மாற்றிக்கொண்டிருந்தாள். படத்தில் அவள் விழாதபடி கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார் ஐயா. நல்லதம்பிக்குச் சிறந்த வைகறை விவசாயி என்ற பரிசு அங்கேயே வழங்கப்பட்டது. பரிசு வேறொன்றுமில்லை, அந்தக் கடிகாரம்தான்.

அடுத்த சுற்று முறை தை பிறக்குமுன் வந்தது. அதற்குள் ஐயா வெற்றியைக் கையோடு எடுத்துக்கொண்டு வேறு தாலுகாவைத் திருத்தப் போயிருந்தார். ஆனால் திட்டத்தை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடாததால் மைக்கேல்சாமி மட்டும் மணியோடு வந்துகொண்டிருந்தான். அன்றைக்கு நல்லதம்பி கோழி கூவுமுன் எழுந்து, இருட்டில் மண்வெட்டியைத் தேடினான். அது செவந்தியின் தோளில் இருந்தது.

“நீங்க எதுக்கு எந்திரிச்சீக?” என்றாள் அவள். “இன்னும் மணி அடிக்கலையே. படுங்க.”

“அடி, விளையாடாத. முறைத்தண்ணி.”

“அதுக்குத்தான் போறேன். தங்கமுத்தண்ணே இந்தத் தடவை மம்பட்டியோட அவுக பொஞ்சாதியத்தான் அனுப்புறாகளாம். சேறு குளிருதாம் அவுகளுக்கு.” வாசல் படலைத் தாண்டியவள் நின்று திரும்பினாள். “படுத்துக்கிட்டே இருந்தாலும் பசு கத்தும். பாத்துக்கங்க.”

நல்லதம்பி படுத்தான். கொஞ்ச நேரம்தான். பசு கத்தியது. எழுந்து கறந்தான். கறந்தால் கன்றைக் கட்டவேண்டும், கொட்டிலைக் கூட்டவேண்டும். கூட்டினால் சாணி அள்ளவேண்டும். அள்ளிய கையோடு வாசலைப் பார்த்தால் தெளிக்காமல் கிடக்கிறது. குடத்தைப் பார்த்தால் வெறுமையாக இருக்கிறது. ஒரு வேலையைத் தூக்கினால் அடியில் இன்னொன்று உட்கார்ந்திருந்தது. ஏர் ஓட்டுகிறபோது முடிகிற இடமாவது தெரியும். இத்தனையையும் இவள் எப்போது செய்துமுடித்தாள், தான் ஏன் ஒரு நாளும் பார்க்கவில்லை என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆத்மநாதனின் வெந்நீர் அவன் ஞாபகத்துக்கு வந்தது.

மைக்கேல்சாமி மணியை ஆட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது நல்லதம்பி வாசலில் குனிந்து, முழங்கை வரை சாணியோடு, கோலப்பொடியை எந்தப் பக்கமிருந்து விடுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான்.

“என்னண்ணே இது, அடிக்கிறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுட்டீங்க? நான் என்னன்னு எழுதுறது?”

“ஒண்ணும் எழுத வேணாம் தம்பி” என்றான் நல்லதம்பி நிமிராமலே. “இன்னைக்கு நான் கணக்குல இல்லை.”